ஆறாவது பிள்ளையை எடுக்கலாமா? வீட்டில டேகேர் நடத்துற அக்காமாருக்கு ஒரு கணக்கு



சுயதொழில் செய்யிறவைக்கான ரக்ஸ் வீடியோ போட்ட பிறகு வந்த கேள்விகளில முக்கால்வாசி, ஊபர் ஓடுற தம்பிமாருடையது. அதுக்குள்ள ஸ்காபரோவில இருந்து ஒரு அக்கா அனுப்பின வொய்ஸ் மெசேஜ் ஒண்டும் இருந்தது. அவ வீட்டில 5 பிள்ளைகளைப் பாக்கிறா. லைசன்ஸ் இல்லை. ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 50 டொலர். இப்ப தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு மகப்பேற்று லீவு முடியுது. வேலைக்குத் திரும்பவேணும், ஒரு இடத்திலயும் இடமில்லை. அக்காவுக்கு ஃபோன் எடுத்து அழுதவவாம்.

"தங்கச்சி, மாசம் 1,000 டொலர் கூட வரும். மாமியும் வீட்டில உதவிக்கு நிக்கிறா. ஒரு பிள்ளைதானே, எடுக்கலாமோ?"

பதில்: எடுக்கக்கூடாது. அதோட விட்டுட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த 1,000 டொலர் அக்காவுக்கு உண்மையிலேயே தேவைப்படுது. அதால கணக்கைத் திறந்து பாப்பம். முதல் சட்டம், பிறகு காசு.

ஒன்ராறியோவில லைசன்ஸ் இல்லாமல் வீட்டில பிள்ளை பாக்கிறது குற்றம் இல்லை. சனம் இதைத்தான் முதல்ல பிழையாய் விளங்கி வைச்சிருக்கு. லைசன்ஸ் இல்லாமலே பாக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில 13 வயதுக்குக் குறைந்த 5 பிள்ளைகளுக்கு மேல இருக்கக்கூடாது. அந்த ஐந்துக்குள்ள 2 வயதுக்குக் குறைஞ்சவை 3 பேருக்கு மேல இருக்கக்கூடாது. (2019 வரைக்கும் இது 2 ஆக இருந்தது. பழைய துண்டுப்பிரசுரத்தைப் பாத்துக் குழம்பவேண்டாம்.) உங்கட சொந்தப் பிள்ளைக்கு 4 வயது ஆகேல்லை எண்டால் அவரும் இந்தக் கணக்குக்குள்ள வருவார்.

மாமி? மாமி கணக்கில இல்லை. வீட்டில எத்தனை பெரியாக்கள் நிண்டாலும் 5 எண்ட எண்ணிக்கை கூடாது. பெரிய டேகேர் சென்ரரில ஆள் கூடினால் பிள்ளையும் கூடும். அங்க 18 மாதத்துக்குக் குறைஞ்ச 10 பிள்ளைக்கு 3 பேர் நிக்கவேணும், 18 மாதத்தில இருந்து இரண்டரை வயது வரை 5 பிள்ளைக்கு ஒருவர், அதுக்கு மேற்பட்ட பாலர்களுக்கு 8 பேருக்கு ஒருவர். அதைக் கேள்விப்பட்டுத்தான் எங்கட ஆக்கள், "நாங்கள் ரெண்டு பேர் நிக்கிறம், அப்ப பத்துப் பிள்ளை பாக்கலாம்" எண்டு தாங்களாகவே கணக்குப் போடுகினம். லைசன்ஸ் இல்லாத வீட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

அக்காவிட்ட நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி: "உங்கட கடைக்குட்டிக்கு எத்தினை வயசு?"

"வாற நவம்பரில நாலு முடியுது."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கதைக்கேல்லை. அக்கா ஆறாவது பிள்ளையைப் பற்றிக் கேட்டவ. ஆனால் சட்டத்தின்ர கணக்கில அவவிட்ட ஏற்கனவே ஆறு பிள்ளை இருக்கு. கேட்டது ஏழாவது.

இது அக்காவின்ர கவனக்குறைவு மட்டும் எண்டு நான் நினைக்கேல்லை. 2015 ஆவணி கடைசி வரைக்கும் இருந்த பழைய சட்டத்தில சொந்தப் பிள்ளைகள் கணக்கில வரமாட்டினம். அந்தக் காலத்தில பிள்ளை பாத்த அன்ரிமார் சொல்லிக் குடுத்ததை வைச்சுத்தான் இண்டைக்கும் கனபேர் நடத்துகினம். வாய்வழியாய் வந்த சட்டம் பத்து வருசம் பிந்தித்தான் வரும்.

சட்டம் ஏன் மாறினது எண்டதையும் சொல்லவேணும். 2013 யூலையில ரொறன்ரோவுக்கு வடக்க, வோனில, லைசன்ஸ் இல்லாத ஒரு வீட்டு டேகேரில 2 வயதுப் பெண்பிள்ளை ஒன்று செத்துப்போனது. வெயிலுக்குள்ள வாகனத்துக்குள்ளேயே மறந்து விட்டுப்போட்டினம். அந்த வீட்டில சட்டம் சொன்ன 5 பேரை விட எத்தனையோ மடங்கு பிள்ளைகள் இருந்தவை. அதைப் பற்றி அமைச்சுக்கு முன்னமே முறைப்பாடு போயிருந்தது, ஒழுங்காய்ப் போய்ப் பாக்கேல்லை. அடுத்த சில மாதங்களுக்குள்ள ரொறன்ரோ பகுதியில இப்படியான வீடுகளில இன்னும் மூண்டு பிள்ளைகள் இறந்தவை. மாகாண ஒம்பட்ஸ்மன் விசாரிச்சு 2014 ஒக்டோபரில அறிக்கை விட்டார். 113 பரிந்துரை. அந்த வருசக் கடைசியில புதுச் சட்டம் நிறைவேறி, 2015 ஓகஸ்ட் 31 இல நடைமுறைக்கு வந்தது.

வாகனத்துக்குள்ள ஒரு பிள்ளை மிஞ்சி நிக்கிறதை ஒருவரும் எண்ணிப் பாக்கேல்லை. பத்திரிகையில வாசிக்கேக்க, எப்படி மறக்கலாம் எண்டு தோன்றும். பிள்ளை கூடக் கூட மறக்கிறது லேசாகும், அவ்வளவுதான். தை மாசத்தில 5 பிள்ளைகளுக்கு ஸ்னோ பான்ற்ஸ், சப்பாத்து, கையுறை போட்டு முடிக்க, முதல் போட்ட பிள்ளை பாத்ரூம் போகவேணும் எண்டு நிக்கும். அக்காமாருக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

சரி, பிடிபடுற இடங்கள்.

கனபேர் மாட்டுறது பின்னேரம் மூண்டரைக்கு. பகல் முழுக்க சின்னப் பிள்ளைகள் 4 பேர், கணக்குச் சரி. பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டு 7 வயதும் 9 வயதும் வந்து சோபாவில இருந்து பிஸ்கட் சாப்பிடுகினம். அவைக்கு 13 ஆகேல்லை, ஆகவே ஆறு. பிஏ டே வந்தால் அது காலமையிலேயே தொடங்கும். மார்ச் பிரேக் எண்டால் ஒரு கிழமை. உங்கட சொந்த 8 வயதுப் பிள்ளை பிஏ டேக்கு வீட்டில நிண்டால் பரவாயில்லை, அவர் 4 தாண்டினவர். அவரோட விளையாட வந்து, தாய் வேலையால வரும்வரைக்கும் நிக்கிற சிநேகிதப் பிள்ளையை நான் என்றால் எண்ணித்தான் பாப்பன்.

அடுத்தது கர்ப்பம். உங்களுக்கு இன்னொரு பிள்ளை பிறந்தால் அந்தக் குழந்தை ஐந்திலயும் ஒண்டு, 2 வயதுக்குக் குறைஞ்ச மூண்டிலயும் ஒண்டு. அதாவது ஒரு குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பவேண்டி வரும், வருமானம் ஐந்தில ஒரு பங்கு குறையும். சுயதொழில் செய்யிறவைக்கு ஈஐ மகப்பேற்றுக் காசு தானாக வராது. நீங்களாய்ப் பதிஞ்சு, பதிஞ்சு 12 மாதம் கழிச்சுத்தான் கேக்கலாம். இரண்டாவது பிள்ளைக்கு யோசிக்கிறவை கர்ப்பமான பிறகு இதைத் தேடினால் பிந்திப்போச்சு.

ஒரே நேரத்தில 5 எண்டதில ஒரு நன்மையும் இருக்கு. திங்கள், புதன் வாற ஒரு பிள்ளையும், செவ்வாய், வியாழன் வாற இன்னொரு பிள்ளையும் ஒரே இடத்தைப் பங்கு போடலாம். பகுதிநேரத்துக்கு நாள்கூலி கொஞ்சம் கூட வைக்கிறது வழக்கம், ஒருவரும் குறை சொல்லமாட்டினம். சட்டத்துக்குள்ள நிண்டு வருமானத்தைக் கூட்ட இதுதான் லேசான வழி. காலமைப் பிள்ளையும் மத்தியானப் பிள்ளையும் எண்டு பிரிச்சால் மட்டும் கவனம்: ஒரு தாய் பிந்தி வந்தால் அந்த அரை மணித்தியாலம் நீங்கள் ஆறில நிக்கிறீங்கள்.

இனிக் காசு.

அக்காவின்ர எண்களையே எடுப்பம். 5 பிள்ளை, 50 டொலர், மாதம் 20 நாள் எண்டால் மாதம் 5,000, வருசம் 60,000. இன்னொரு பிள்ளை வந்தால் வருசம் 12,000 கூட. சாப்பாடு, டயப்பர் கிறீம், பேப்பர் துவாய் எண்டு ஒரு 2,000 கழியுங்கோ. மிச்சம் 10,000. சுயதொழில் எண்டபடியால் சிபிபி இரண்டு பக்கத்தையும் நீங்கள்தான் கட்டவேணும், 11.9 சதவீதம், கிட்டத்தட்ட 1,200 போகும். இந்த வருமான மட்டத்தில மத்திய, மாகாண வருமான வரி சேர்த்து ஏறத்தாழ 20 சதவீதம், அது 2,000. குடும்ப வருமானம் கூடினதால பிள்ளைக்காசு குறையும். கடைசியில கையில நிக்கிறது 6,000க்கும் 7,000க்கும் இடையில. மாசம் 1,000 எண்டு நினைச்சது 500 சொச்சம்.

"அதுதானே தங்கச்சி, காட்டாமல் விட்டால் முழுசாய் நிக்கும்." அக்கா இதைச் சொல்லேல்லை, ஆனால் எங்கட ஆக்களிட்ட நான் நூறு தரம் கேட்டிருக்கிறன்.

காட்டாமல் விடுற காசை உங்களால மட்டும் மறைக்கேலாது. அந்தப் பிள்ளையின்ர தாய் தகப்பன் டேகேர் செலவைத் தங்கட ரக்ஸில கழிக்கலாம்: 7 வயதுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு வருசம் 8,000 டொலர் வரை, அதுக்கு மேல 16 வரை 5,000. பொதுவாய் இரண்டு பேரில வருமானம் குறைஞ்சவர் கழிப்பார். 50,000 உழைக்கிற ஒரு தாய்க்கு அந்த 8,000 கழிவால கிட்டத்தட்ட 1,500 டொலர் மிச்சம். அதுக்கு உங்கட பெயரும் சின் நம்பரும் போட்ட ரிசீற் வேணும். தாய் தகப்பன் கேட்டால் ரிசீற் இலவசமாய்க் குடுக்கவேணும் எண்டு ஒன்ராறியோ சட்டத்திலேயே இருக்கு. இண்டைக்கு அழுதுகொண்டு வாற தாய் பங்குனியில ரிசீற் கேப்பா. குடுத்தால் ஆறு பிள்ளைக்கான ரிசீற்றில உங்கட கையெழுத்து. குடுக்காட்டில் அந்தத் தாய் உங்களில கோபத்தோட நிப்பா, முறைப்பாடு எங்கயிருந்து வரும் எண்டு நினைக்கிறீங்கள்?

முறைப்பாடு வந்தால் அமைச்சின்ர ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். எண்ணுவார். நிர்வாக அபராதம் 100,000 டொலர் வரை போகலாம், நீதிமன்றம் போய்க் குற்றம் நிரூபிச்சால் 250,000 வரை, ஒரு வருசச் சிறையும் சட்டத்தில இருக்கு. ஒரு பிள்ளை கூட இருந்ததுக்கு இவ்வளவு போடுவினம் எண்டு நான் பயமுறுத்த வரேல்லை, அது உச்ச எல்லை. ஆனால் லைசன்ஸ் இல்லாத இடங்களில நிரூபிக்கப்பட்ட மீறல்களை அரசாங்கம் இணையத்தில போடுது. அடுத்த தாய் உங்கட பெயரைத் தேடிப் பாப்பா. ஐந்து பிள்ளையின்ர 60,000 வருமானத்தை ஆறாவது பிள்ளையின்ர 6,000க்காகப் பந்தயம் கட்டுறது எனக்குச் சரியாய்ப் படேல்லை.

இன்சூரன்ஸை மறந்துபோனன். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ், வீட்டில நடத்துற தொழிலை மூடாது. டேகேர் நடத்துறன் எண்டு சொல்லி, அதுக்கெண்டு மேலதிகப் பொறுப்புக் காப்பீடு எடுக்கவேணும். எடுத்திருந்தாலும், சட்டத்தை மீறின எண்ணிக்கையோட ஒரு பிள்ளை படியில விழுந்து அடிபட்டால், கம்பனி முதல் கேக்கிற கேள்வி "அண்டைக்கு வீட்டில எத்தினை பிள்ளை?" வழக்கு வந்தால் நிக்கிறது உங்கட வீடு.

(வீட்டுச் செலவு கழிக்கிறதைப் பற்றிக் கேட்டவைக்கு ஒரு வரி: மோட்கேஜ் வட்டி, ஹைட்ரோ, இன்ரர்நெற் எல்லாம் இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ற பங்கில கழிக்கலாம். வீட்டின்ர தேய்மானத்தைக் கழிக்காதேங்கோ. பிறகு வீடு விக்கேக்க, வசிச்ச வீட்டுக்குக் கிடைக்கிற வரிவிலக்கில கை வைக்கும். பராமரிப்புக்கு எச்எஸ்ரி வாங்கத் தேவையில்லை.)

நான் இதில நியாயம் கதைக்கிற ஆள் இல்லை எண்டதையும் சொல்லவேணும். என்ர மகனுக்கு ஒண்டரை வயதில, நான் ஃபினான்ஸ் வேலைக்குத் திரும்பின நேரம், வீட்டுக்குப் பக்கத்தில ஒரு அன்ரியிட்ட விட்டனான். நல்ல மனுசி. மகன் அவவை "அம்மம்மா" எண்டுதான் கூப்பிடுவான். ஒருநாள் பனி கொட்டி, வேலையில ரெண்டு மணிக்கே விட்டிட்டினம். போய்க் கதவைத் தட்டினால் உள்ள ஏழு சோடி குட்டிச் சப்பாத்து. ஏழையும் நான் எண்ணினனான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "தாங்க்ஸ் அன்ரி" எண்டு சொல்லிப்போட்டு வந்தன்.

மூண்டு கிழமை ஒண்டும் கேக்கேல்லை. நாளுக்கு 35 டொலர், நடந்து போற தூரம், சோறும் பருப்பும் குடுப்பா. வேற இடம் நாளுக்கு 60. வருசத்தில 6,000 வித்தியாசம் எண்டு என்ர மூளை தானாய்க் கணக்குப் போட்டு வைச்சிருந்தது. கணக்குப் போடுறது என்ர தொழில். எழு பேருக்கு ஒருவர் எண்டதை அந்தக் கணக்கில எங்க போடுறது எண்டுதான் தெரியேல்லை. கடைசியில மகன் ஒருநாள் ஈரமாய் இருந்த அதே டயப்பரோட பின்னேரம் வந்தான். அன்ரியில பிழை இல்லை, அவவுக்கு ரெண்டு கைதான். அடுத்த மாசம் மாத்தினனான். அவவிட்ட காரணம் சொல்லேல்லை, முறைப்பாடும் செய்யேல்லை. இப்ப யோசிச்சால் காரணத்தையாவது சொல்லியிருக்கலாம்.

அதால தாய் தகப்பன்மாருக்கும் சொல்லுறன். லைசன்ஸ் இல்லாதவை, தங்களுக்கு லைசன்ஸ் இல்லை எண்டதை உங்களுக்கு எழுத்தில தரவேணும், அந்தப் பிரதியை இரண்டு வருசம் வைச்சிருக்கவும் வேணும். உங்கட பிள்ளை அங்க நிக்கிற நேரத்தில நீங்கள் எப்ப போனாலும் உள்ள விடவேணும், "நித்திரை நேரம், பிறகு வாங்கோ" எண்டு மறிக்கேலாது. ஒருநாள் முன்னதாய்ப் போங்கோ. வாசலில சப்பாத்தை எண்ணுங்கோ.

இனி அக்காவுக்கு. ஆறாவது பிள்ளையைச் சட்டப்படி எடுக்க ஒரு வழி இருக்கு: லைசன்ஸ் உள்ள ஹோம் சைல்ட்கேர் ஏஜென்சியோட சேருறது. லைசன்ஸ் ஏஜென்சியின்ர பேரில, நீங்கள் அவையின்ர கீழ பாக்கிற சுயதொழிலாளி. அப்ப எல்லை 6. 2 வயதுக்குக் குறைஞ்சவை அப்பவும் 3 தான், சொந்த 4 வயதுக்குக் குறைஞ்ச பிள்ளையும் எண்ணப்படும். முதலுதவி, குழந்தைகளுக்கான சிபிஆர் பயிற்சி வேணும். ஏஜென்சி ஆள் காலாண்டுக்கு ஒருதரமாவது வந்து பாப்பார்.

காசுப் பக்கம் பெரிய வித்தியாசம் தாய் தகப்பனுக்குத்தான். மத்திய அரசின்ர குறைஞ்ச கட்டணத் திட்டத்தில சேர்ந்திருக்கிற ஏஜென்சி எண்டால், 6 வயதுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு 2025 தையில இருந்து நாளுக்கு 22 டொலருக்கு மேல வாங்கேலாது. 240 நாளுக்கு 5,280. அக்காவின்ர 50 டொலரில அது 12,000. ஒரு குடும்பத்துக்கு வருசம் 6,720 மிச்சம். அதுக்காக உங்களுக்கு 22 தான் வரும் எண்டில்லை. மிச்சத்தை அரசாங்கக் காசில இருந்து ஏஜென்சி ஈடுசெய்து உங்களுக்குத் தரும். எவ்வளவு தரும் எண்டது ஏஜென்சிக்கு ஏஜென்சி மாறும். ரெண்டு மூண்டு இடம் கேளுங்கோ: நாளுக்கு ஒரு பிள்ளைக்கு என்ன தருவீங்கள், பிள்ளை வராத நாளுக்குக் காசு உண்டோ, திட்டத்தில இப்ப இடம் இருக்கோ. 50 க்குப் பதில் 42 தந்தாலும் 6 பிள்ளைக்கு 252, இப்ப 5 பிள்ளைக்கு வாறது 250. ஆக, பெரிய லாபம் எண்டு சொல்லமாட்டன். ஆறு பிள்ளையை ஒழுங்காய்ப் பாக்கிற உழைப்பு கூடும். வெறுமையாய் ஒரு இடம் மாதக்கணக்கில கிடக்கிற பயம் குறையும். மீறல் பயம் இல்லை. சுதந்திரம் கொஞ்சம் போகும். சில அக்காமாருக்கு அந்தச் சுதந்திரம்தான் பெரிசு, அதையும் மதிக்கிறன்.

நவம்பர் வரைக்கும் அக்கா என்ன செய்யிறது? ஒரு பிள்ளை குறையவேணும், அழுதாலும் அதுதான். நல்ல காலம், ஒரு குடும்பத்துக்கு யாழ்ப்பாணத்தில இருந்து அம்மம்மா சூப்பர் விசாவில வாறா. சொந்தப் பேரப்பிள்ளையை அவவே பாக்கலாம், உறவுக்காரர் பாக்கிறது இந்தச் சட்டத்துக்குள்ள வராது. ஃபோனில அழுத அந்தத் தாய்க்கு, லைசன்ஸ் உள்ள வீடுகளைத் தேடுற மாகாண இணையத்தளத்தில மார்க்கம் பக்கம் இரண்டு இடம் எடுத்துக் குடுத்தம். ஒண்டில வெயிட்டிங் லிஸ்ட், மற்றதில பேச்சுவார்த்தை நடக்குது.

அக்கா இப்ப ஒரு ஏஜென்சிக்கு ஃபோன் எடுத்திருக்கிறா. 18 வயதுக்கு மேல வீட்டில இருக்கிற எல்லாருக்கும் பொலிஸ் செக் வேணுமாம். மாமிதான் கொதிச்சுக்கொண்டு நிக்கிறாவாம்: "எழுபத்தொரு வயசில எனக்கென்ன பொலிஸ்?"